எந்தச் சோதனைக்கு என்ன விலை?

மென்பொருள் எழுதுவோர் நிரலுக்குள் ஆங்காங்கே சில காவல் வரிகளை வைப்பார்கள். இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, இந்தப் பட்டியல் இங்கே காலியாக இருக்க முடியாது என்பது போன்ற நிபந்தனைகள் அவை. நிரல் ஓடும்போது நிபந்தனை பொய்த்தால் அங்கேயே நின்று, எந்தக் கோப்பில் எந்த வரியில் தவறு என்று காட்டிவிடும். இவற்றுக்கு அசெர்ஷன் என்று பெயர். பிழை தேடுவதற்கென்றே தயாரிக்கும் டீபக் பில்டில் இவை விழித்திருக்கும். மக்கள் கைக்குப் போகும் ரிலீஸ் பில்டில் பெரும்பாலும் மொத்தமாக அணைக்கப்பட்டுவிடும். சி மொழியில் இதற்கு ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். ஜாவாவில் நாமாகக் கேட்டால்தான் இவை இயங்கவே செய்யும். ஏன் என்று கேட்டால், வேகம் குறையும் என்பார்கள். எந்தச் சோதனையால், எவ்வளவு குறையும் என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு. அளக்காமலே எல்லாவற்றையும் அணைப்பது தவறான பழக்கம் என்பது என் உறுதியான கருத்து.

செலவே இல்லை என்று சொல்லவரவில்லை. நம் கைபேசிகளிலெல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுதளத்தில் அசெர்ஷன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றை இயக்கினால் தரவுதளம் ஏறக்குறைய மூன்று மடங்கு மெதுவாகிறது என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வரிக்கும் ஒரே விலை அல்ல. அகரவரிசையில் 10 லட்சம் பெயர்கள் உள்ள பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், சுமார் 20 ஒப்பீடுகளில் தேடிய பெயர் அகப்படும். தேடும் முன், பட்டியல் உண்மையிலேயே அகரவரிசையில்தான் இருக்கிறதா என்று ஓர் அசெர்ஷன் போட்டால், அது 10 லட்சம் பெயர்களையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாக வேண்டும். 20 எங்கே, 10 லட்சம் எங்கே! அதற்கு அடுத்த வரியிலேயே, பட்டியல் காலியாக இல்லை என்று சரிபார்க்கும் இன்னொரு அசெர்ஷன் இருக்கலாம். அதன் செலவு ஒரே ஒப்பீடு. போதாததற்கு, இன்றைய பிராசஸர்கள் ஒரு நிபந்தனை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்து ஓடுகின்றன. எப்போதும் உண்மையாகவே இருக்கும் நிபந்தனையில் அந்த ஊகம் தப்புவது அரிது. முதல் சோதனை செய்த குற்றத்துக்கு இரண்டாவதையும் சேர்த்துத் தண்டிக்கிறோம். டீபக் பில்ட் ஊர்ந்து போவதற்கு அசெர்ஷன் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அதை வேகப்படுத்தச் செய்யும் ஆப்டிமைசேஷன் அதில் வழக்கமாக நிறுத்தப்பட்டிருக்கும். அந்தப் பழியும் அசெர்ஷன் தலையில் விழுகிறது.

மலிவான சோதனைகளை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படிக்கவோ எழுதவோ விடாத சோதனைகளைத் தன் சர்வர்களில் ஓடும் சி++ நிரல்கள் முழுவதிலும் இயக்கியதாக 2024 நவம்பரில் கூகுள் அறிவித்தது. சராசரி வேகக் குறைவு 0.30%. அந்த முயற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் சிக்கின. நினைவகப் பிழையால் நிரல்கள் பாதியில் விழுவது சுமார் 30% குறைந்தது. தேவையில்லாத சோதனைகளைக் கம்பைலரே கண்டுபிடித்து நீக்கிவிடுவதும் இதற்குக் கைகொடுத்தது. மாபெரும் நிறுவனத்துக்கு 0.30% கூடப் பெருந்தொகைதான். தெரிந்தே அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

சோதனை ரிலீஸ் பில்டிலும் இருந்தால், ஏதோ ஒரு சின்னத் தவறுக்காக நிரலே நின்றுபோகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, 1996 ஜூன் 4 அன்று வெடித்துச் சிதறிய ஏரியான் 5 ராக்கெட்டை அதற்குச் சாட்சியாகவும் காட்டலாம். அதன் திசைகாட்டும் கணினியில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடக்க முயன்றார்கள். அது அடங்கவில்லை. அப்படிப்பட்ட ஏழு எண்களில் நான்குக்குத்தான் பாதுகாப்பு இருந்தது. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்த வரம்பு காரணமாக மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிட்டார்கள். முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4 போன பாதையில் அந்த எண்கள் எல்லை மீறியதில்லை. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். பிழை எழுந்ததும் கணினி தன்னையே நிறுத்திக்கொண்டது. அதே மென்பொருள் ஓடிய மாற்றுக் கணினி அதற்கு முன்பே நின்றிருந்தது. இத்தனைக்கும் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்த எண்ணைத் தந்த கணக்கே தேவைப்படவில்லை. ஆக அங்கே நடந்த தவறுகள் இரண்டு. செலவுக்கு அஞ்சிச் சோதனையை விட்டது ஒன்று. தவறு தெரிந்ததும் என்ன செய்வது என்று யோசிக்காதது மற்றொன்று. கணினி நிற்காமல், கைவசமுள்ள சிறந்த மதிப்பீட்டைத் தொடர்ந்து தந்திருக்கலாம் என்று விசாரணைக் குழுவே சொன்னது. தவறைக் கண்டுபிடிப்பது ஒரு முடிவு, கண்டபின் நிற்பதா, பதிவு செய்துவிட்டுத் தொடர்வதா என்பது வேறொரு முடிவு. வங்கிக் கணக்கில் தப்பான இருப்பு ஏறுவதைவிட நிரல் நிற்பதே மேல். பறக்கும் ராக்கெட்டில் நிற்பதற்கு இடமில்லை.

எஸ்க்யூலைட்காரர்களே ரிலீஸில் அணைத்துவிடுகிறார்களே, அவர்கள் மென்பொருள் நம்பகமானதாகத்தானே இருக்கிறது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் மக்கள் கைக்குப் போகும் அதே வடிவத்தில் வைத்து, நிரலின் ஒவ்வொரு கிளையும் ஒருமுறையாவது ஓடும்படி அவர்கள் சோதிக்கிறார்கள். பெரும்பாலான குழுக்கள் டீபக் பில்டில் சோதித்துவிட்டு, யாரும் ஓட்டிப் பார்க்காத இன்னொன்றை வெளியிடுகின்றன. அசெர்ஷனுக்குள்ளேயே யாராவது ஒரு மாறியின் மதிப்பை மாற்றியிருந்தால், ரிலீஸில் அந்த வரி மறையும்போது அந்த மாற்றமும் சேர்ந்து மறையும். சோதனையில் சரியாக ஓடியது வாடிக்கையாளரிடம் போய்த் தப்பாக ஓடும். எஸ்க்யூலைட் அளவுக்கு உழைக்க முடியாதவர்கள் பட்டியல் முழுவதையும் புரட்டும் சோதனைகளை டீபக் பில்டுக்கென்று ஒதுக்கிவிட்டு, ஓர் ஒப்பீட்டில் முடிபவற்றை ரிலீஸிலும் விட்டுவைக்கலாம். ரஸ்ட் மொழி இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளையே வைத்திருக்கிறது. மலிவான சோதனை ஒன்றை அணைத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அது எடுக்கும் நேரத்தை அளந்து காட்டட்டும்.