காத்துக்கு ஏது தீட்டு?

வானொலி வந்ததும் சாதி காத்தோட கரைஞ்சு போச்சு என்கிற தொனியில் எழுதப்பட்ட கட்டுரைகளை நிறையப் படித்துவிட்டேன். வானலைக்குத் தீட்டு கிடையாதாம், ஊருக்கும் சேரிக்கும் அது பொதுவாம். இந்தப் 'பொது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஒரு உஷார் வந்துவிடுகிறது. பொதுக்கிணறு, பொதுச்சாவடி, பொதுவழி என்று நாம பார்க்காத பொதுவா?

சென்னையில் முதல் ஒலிபரப்பு 1924 ஜூலை 31. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அதைச் செய்தது. அதே 1924ல்தான், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நம்ம சனங்களுக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. குரல் கம்பியே இல்லாமல் பறக்குது. மனுசன் தெருவில் நடக்கத் தீர்மானம் வேண்டியிருக்குது. வானொலி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

கிளப் 1927ல் பணமில்லாமல் படுத்துவிட்டது. அதன் கருவியை வைத்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். கடற்கரை மணலில் உட்கார்ந்தவன் காசில்லாமல் கேட்டான். அந்த எட்டு வருசத்தை மட்டும் நான் மதிக்கிறேன். 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலி வந்து எடுத்துக்கொண்டது. வீட்டில் பெட்டி வைத்துக் கேட்க வருசத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ், பெட்டி விலை தனி. கூலியை நெல்லாக அளந்து வாங்கிய பண்ணையாள் எந்தக் காலத்தில் அதைக் கட்டுவான்?

சரி, கேட்க முடிந்தவர்களுக்கு எதைக் கேட்க வைத்தார்கள்? 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது வானொலி. சுருதி வளையாது, கமகம் பிடிக்காது, வெள்ளைக்காரன் பெட்டி என்றெல்லாம் காரணம். பிடில் எங்கிருந்து வந்ததாம்? அதுவும் கப்பலில் வந்ததுதான். ஆனால் அது சபா மேடையில் ஏறிவிட்டது. ஆர்மோனியமோ நாடகக் கொட்டகையிலும் தெருக்கூத்திலும் நம்ம கூடவே புழுதியில் கிடந்தது. கமகம் பற்றிய வாதத்தில் இசை ஞானம் இருக்கலாம், நான் மறுக்கலை. எந்த மனுசர்களோட வாத்தியம் என்பதும் அந்தத் தீர்ப்புக்குள்ளே இருக்கிறது என்கிறேன். 1971ல்தான் தடையைத் தளர்த்தினார்கள். முப்பது வருசத்துக்கும் மேல!

ஐம்பதுகளில் எங்க ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. குழாயை ஊர்த்தெருவில் கம்பம் நட்டுக் கட்டினார்கள். சேரியிலிருந்து போகிறவர்கள் ஏரிக்கரை மேல உட்கார்ந்து கேட்கணும். காத்து நம்ம பக்கம் அடிச்சா கேக்கும், இல்லைன்னா இல்லை. எங்க பெரியப்பா கூத்தில் ஆர்மோனியம் வாசிச்சவர். 'பிடில் வருது, மிருதங்கம் வருது, நம்ம பொட்டி மட்டும் ஏண்டா வரமாட்டேங்குது?' என்று கேட்பாராம். அப்படி ஒரு தடை இருந்ததே அவருக்குக் கடைசிவரை தெரியாது. பறை ஏன் வரலைன்னு அவர் கேட்டதே இல்லையாம். வரும்னு எதிர்பார்த்திருந்தால்தானே கேட்பார்.

1954 அக்டோபர் 3 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அதே வானொலியில் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற தன் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று சொன்ன உரை அது. அன்றைக்கு ஏரிக்கரையில் காத்து எந்தப் பக்கம் அடித்ததோ.

தோழர்களே, பழைய ஒலிநாடாக்களை எடுத்துப் பாரம்பரியம் என்று இன்றைக்குக் கொண்டாடுகிறார்கள். அதில் எந்த வாத்தியம் இருக்கிறது, எந்தக் குரல் இல்லை என்று கணக்கெடுக்க வேண்டியவர்கள் நாம்தான். நிலையத்துக்குள்ளே இருக்கிற கணக்கு ஒன்று, வெளியே இருக்கிறது ஒன்று. உங்க ஊரில் ரேடியோ குழாய் எந்தத் தெருவில் கட்டியிருந்தது, நம்ம சனங்க எங்கே நின்னு கேட்டாங்க, விரட்டினது யார் என்று எழுபது எண்பது வயசான கிழவன் கிழவிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள்.