மழைக் கணக்கும் ஒரு பழைய லெப்டொப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஐ.சி.டி. படிப்பிக்கிற வாத்தியார் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் முழுக்க வாசியுங்கள். கடைசியில் உங்களிடம்தான் ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

2024 நவம்பர் 26ஆம் திகதியை நம்மூரில் யாரும் மறக்க மாட்டோம். நிந்தவூரில் இருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தோடு அடிபட்டுப் போனது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டு ஜனாஸாக்கள். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், தண்ணி எவ்வளவு வேகமா ஏறுதுன்னு நம்மட ஊர்ல யாருமே எழுதி வைக்கிறல்லையா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் எழுதத் தொடங்கினோம். மழை அளக்க வீட்டு முற்றத்தில் ஒரு போத்தல். வாய்க்கால் ஓரத்தில், பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்காமல் தூரத்தில் நின்றே வாசிக்கக்கூடிய மாதிரி சென்டிமீற்றர் குறித்த ஒரு கோல். காலையிலும் பின்னேரமும் ஒரு கொப்பியில் பதிவு. மாரி முடிய கொப்பி நிறைந்துவிட்டது. ஆனால் கொப்பியை யாரும் திறந்து பார்க்கவில்லை. இலக்கங்களைப் பார்த்து தண்ணீரின் போக்கைப் புரிந்துகொள்ள எல்லோராலும் முடியாது. வரைபு வேண்டும்.

உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் பைதன் மொழி இருக்கிறது. பாஸ்ட் பேப்பரில் விடை எடுப்பதற்கு மட்டும் அதைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த முறை மேட்பிளொட்லிப் என்ற இலவச நூலகத்தை எடுத்து கொப்பியில் உள்ளதை வரைந்தோம். பட்டனை அமத்த அமத்த புதிய வின்டோ ஒவ்வொன்றாகத் திறந்தது. மழைக்கு ஒன்று, நீர்மட்டத்துக்கு ஒன்று, பழைய கிழமைக்கு ஒன்று. ஒரு மாணவனின் வாப்பா வந்து பார்த்துவிட்டு, "மகன், இதுல நான் எதைப் பார்க்கணும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எங்கள் செயற்றிட்டம் ஃபெயில்.

எனது கருத்து இதுதான்: வரைபு வரைவது பாதி வேலை. அதைப் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் வைப்பதுதான் மற்றப் பாதி. பாடசாலையில் இந்த இரண்டாவது பாதியை நாம் படிப்பிப்பதில்லை.

திரும்பச் செய்தோம். வரைபைத் தனி வின்டோவாகத் திறக்க விடாமல் ஒரு கன்வஸில் ஏற்றி, டிகின்டரில் செய்த எங்கள் வின்டோவுக்குள்ளேயே பதித்தோம். இடது பக்கம் நாள் தெரிவு செய்யும் பட்டன்கள், வலது பக்கம் வரைபு, மேலே கடைசியாக அளந்த மட்டமும் அளந்த நேரமும் பெரிய எழுத்தில். பட்டனை அமத்தினால் அதே கன்வஸ் புதிதாக வரையும், இன்னொரு வின்டோ வராது. பொருட்களை அடுக்க டிகின்டரில் 'பேக்', 'கிரிட்' என்று வழிகள் உண்டு. ஒரே சட்டத்துக்குள் இரண்டையும் கலந்தால் பிழை காட்டி நின்றுவிடும். பிள்ளைகள் ஒரு முழுப் பின்னேரத்தை அதில் தொலைத்தார்கள். வரைபு இருக்கும் நிரலுக்கு மட்டும் 'வெயிட்' கொடுத்த பிறகுதான், வின்டோவைப் பெரிதாக்கினால் பட்டன் வீங்காமல் வரைபு மட்டும் விரிந்தது.

தமிழ் இன்னொரு பிரச்சினை. நாங்கள் பாவித்த பதிப்பில் வரைபுக்குள் தமிழ் எழுதினால் முதலில் வெறும் பெட்டிகள் வந்தன. ஃபொன்ட் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. தலைப்புகளை வரைபுக்கு வெளியே, டிகின்டர் லேபிளாக வைத்தோம். சரியாக வந்தது.

ஆனால் பெரிய பாடம் அச்சில் இருந்தது. நிலைக்குத்து அச்சின் அளவை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டால், நாலு சென்டிமீற்றர் ஏறினாலும் திரை முழுக்க மலை மாதிரி நிற்கும். பார்ப்பவர் பயந்து போவார். அடுத்த முறை உண்மையில் ஏறும்போது "அன்றைக்கும் இப்படித்தான் காட்டியது" என்று இருந்துவிடுவார். அதனால் அச்சை கோலின் அடியில் இருந்து நுனி வரை நிரந்தரமாக்கினோம்.

ஒரு மாணவன் ஆர்வத்தில் பச்சை விளக்கு ஒன்று வைத்து, "பயணிக்கலாம்" என்று எழுதியிருந்தான். அதை எடுக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. நீர்ப்பாசனத் திணைக்களம் பெரிய ஆறுகளின் அளவீட்டு நிலையங்களுக்கு எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம் என்று எல்லை வைத்திருக்கிறது. நம் வாய்க்கால் கோலுக்கு அப்படி ஓர் எல்லையை நாமாகக் கற்பனை செய்து கோடு போட முடியாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரே ஆளை விழுத்தும். எங்கள் திரை தண்ணீர் ஏறுகிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மட்டும் சொல்லும். போகலாம் என்று ஒருபோதும் சொல்லாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அதே திரையில் பெரிதாகப் போட்டிருக்கிறோம்.

"ஏன் சேர், ஃபோன் அப் செய்யலாமே?" என்று கேட்பவர்களுக்கு: வெள்ளம் வந்தால் முதலில் போவது கரண்டும் சிக்னலும்தான். பற்றரி உள்ள பழைய லெப்டொப் ஒன்று இன்டர்நெட் இல்லாமலும் சில மணித்தியாலம் ஓடும். அப் பிறகு செய்யலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொன்னேன். மேட்பிளொட்லிப்பை எழுதிய ஜோன் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்க அவரது குழுவுக்கு இருந்தது ஒரேயொரு மென்பொருள் உரிமம். எல்லோரும் முறை வைத்துத்தான் பாவித்தார்கள். அந்த இடைஞ்சலில் பிறந்ததுதான் 2003இல் வெளிவந்த இந்த நூலகம். ஒரு வின்டோவுக்குள் பதிக்க முடிய வேண்டும் என்பதும் அவர் முதலே வைத்த தேவைகளில் ஒன்று. அவர் 2012இல் காலமானார். அவர் இலவசமாக விட்டுப் போனதை இன்று மாவடிப்பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் முறை வைத்துக் குந்தும் என் மாணவர்களுக்கு அந்தக் கதை நன்றாக விளங்கியது.

இப்போது உதவி. காசு கேட்கவில்லை. ஓடக்கூடிய பழைய லெப்டொப் இருந்தால் ஒன்று தாருங்கள், பள்ளிவாசலிலோ நூலகத்திலோ வைப்போம். பரீட்சை நாட்களில் பிள்ளைகளுக்குப் பதிலாகக் கோலை வாசிக்க பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். அதைவிட முக்கியம், விவசாயம் செய்யும் காக்காமார், ஓட்டோ ஓட்டும் தம்பிமார், உம்மாமார் ஒரு பின்னேரம் வந்து எங்கள் திரைக்கு முன்னால் குந்துங்கள். எது விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிள்ளைகள் மாற்றுவார்கள்.

அடுத்த மாரிக்கு முன் அந்த வாப்பா திரும்ப வந்து, ஒன்றும் கேட்காமலே திரையைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குத்தான் என் வகுப்புக்கு நான் முழுப் புள்ளி போடுவேன்.