ஓசையற்ற படகு யாருக்கு?

ஓசை எழுப்பாத உல்லாசப் படகுகள் வந்துவிட்டனவாம்! பாதி எண்ணெயிலும் மீதி மின்சாரத்திலும் ஓடுமாம்! நங்கூரமிட்ட இரவில் இயந்திரம் உறுமாதாம், புகை நாறாதாம், அலையின் ஒலி ஒன்றே செவியில் விழுமாம். எண்ணெய்ச் செலவும் குறைவாம். கோடீசுவரர்கள் இவற்றை விரும்பி வாங்குகின்றனர் என்றும், உலகைக் காக்கும் பெருந்தொண்டில் செல்வரும் பங்கு கொண்டுவிட்டனர் என்றும் பளபளக்கும் தாள்களில் விளம்பரங்கள் விழா எடுக்கின்றன.

நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என வாசகர் கேட்கலாம். கடலுக்கும் நமக்கும் இடையே எத்தனையோ மலைகள். நம் ஊரைத் தொட்டு ஓடுவது மகாவலி. அதில் உல்லாசப் படகு விட இன்னும் எவரும் துணியவில்லை. கேள்வி நியாயமானதே. விடையை இக்கட்டுரை முடிவதற்குள் தந்துவிடுகிறேன்.

முதலில் பொருளை அறிவோம். வீதியில் ஓடும் ஹைபிரிட் காரை நாம் அறிவோம். அதே தத்துவந்தான் படகிலும். டீசல் இயந்திரம் ஒன்று, மின் மோட்டார் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலம். மெதுவாகச் செல்லும்போதும் நங்கூரமிட்டு நிற்கும்போதும் மின்கலம் வேலை செய்யும். விரைந்து செல்ல வேண்டும்போது டீசல் கைகொடுக்கும். டீசல் இயந்திரம் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெயை வீணாக்கும். அந்த வீண்செலவை மின்கலம் தடுக்கிறது. கடலில் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே நிதானமாகச் செல்பவனுக்கே இவ்வேற்பாட்டில் இலாபம் மிகுதி.

இது புதிய வித்தையும் அன்று. உலகப் போர்களில் நீர்மூழ்கிக் கப்பல்கள் நீரின்மேல் டீசலிலும், நீருக்கடியில் மின்கலத்திலும் ஓடின. பழைய போர்க்கருவிக்குப் பட்டு மெத்தை விரித்து விற்பதே இன்றைய உல்லாசப் படகு. ஒல்லாந்துக் கப்பற் கட்டுநரான பீட்ஷிப் நிறுவனம் 2015 இல் கடலில் இறக்கிய 'சவானா' என்ற படகின் நீளம் 83 மீற்றருக்கு மேல். அவ்வளவு பெரிய உல்லாசப் படகுகளுள் ஹைபிரிட் முறையில் ஓடிய முன்னோடி அது. எண்ணெயில் நூற்றுக்கு 30 வரை மிச்சம் என்பது கட்டியவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வோம். 83 மீற்றர் நீள மாளிகையை ஒரு சிலரின் உல்லாசத்துக்காகக் கடலில் உலவவிட்டு, அதில் 30 பங்கு எண்ணெய் மிச்சம் பிடித்தோம் என்பது எத்தகைய சிக்கனம்? பத்துப் படி சோற்றை ஒருவனே தின்றுவிட்டு, மூன்று படியை மிச்சம் வைத்தேன், என்னைத் தருமவான் என்று சொல்லுங்கள் என்றானாம்! அந்தக் கதைதான் இது.

ஆனால் கருவியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஓசையின்மை நல்லது. புகையின்மை நல்லது. எண்ணெய்ச் சிக்கனம் மிகமிக நல்லது. அவை முதலில் யாருக்குச் சேரவேண்டும் என்பதே வழக்கு.

எண்ணெய்ச் சிக்கனம் யாருக்கு உயிர்ப் பிரச்சினை? 2022 ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அரசாங்கம் கைவிரித்தது. எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள் மயங்கி விழுந்து மாண்டனர். ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. ஒரே இரவில் ஏறத்தாழ நான்கு மடங்கு! மண்ணெண்ணெய் யாருடைய எரிபொருள்? லயன் அறையில் விளக்கும் அடுப்பும் ஏற்றுபவளுடையது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ணாடியிழைப் படகின் பின்புறம் மோட்டாரைப் பூட்டி வைகறையில் கடலுக்குச் செல்பவனுடையது. அந்த மீனவனுக்கு எண்ணெயில் நூற்றுக்கு 30 மிச்சம் என்றால் அது பிள்ளையின் பள்ளிச் செலவு. உல்லாசப் படகின் உடைமையாளனுக்கோ, அது விருந்தினரிடம் சொல்லி மகிழ ஒரு பெருமை.

ஓசையும் புகையும் யாருக்கு உண்மையான துன்பம்? நெடுந்தீவு மக்களைக் கேளுங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். 1985 மே 15 ஆம் நாள் குருதியில் தோய்ந்த குமுதினிப் படகின் பெயரை அறியாத தமிழர் உண்டோ? டீசல் இயந்திரத்தின் இரைச்சலுக்கும் எண்ணெய் நெடிக்கும் நடுவே கர்ப்பிணியும் முதியவரும் அமர்ந்து செல்லும் கடல்வழி அது. குறுகிய தூரம், நாள்தோறும் அதே துறை, இரவில் மின்கலத்துக்கு மின்னூட்ட ஓய்வு. மின்சாரப் படகுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எது? பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், மின்கலத்தை மட்டும் நம்ப முடியாது என்பர். உண்மை. அதனாலேதான் டீசலும் துணைநிற்கும் ஹைபிரிட் படகு வேண்டும் என்கிறோம். உல்லாசப் படகுக்கு அலங்காரமாக அமைந்த ஏற்பாடு தீவுப் படகுக்கு அவசியமாகிறது.

தரையில் இந்த நியாயம் ஏற்கப்பட்டுவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கையும் இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. தீவின் விளக்குக்குப் பொருந்தும் நியாயம், தீவுக்குச் செல்லும் படகுக்குப் பொருந்தாதா?

"செல்வர் முதலில் வாங்கினால்தான் விலை இறங்கும், பின்னர் ஏழைக்கும் கிடைக்கும்" என்று ஒரு வாதம் உண்டு. கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் சாட்சியம் அதற்கு எதிராக இருக்கிறது. 'சவானா' கடலில் இறங்கிய அதே 2015 இல் நோர்வே நாட்டின் ஒரு கடற்கழியில் 'அம்பியர்' என்ற படகு ஓடத் தொடங்கிற்று. 120 கார்களையும் 360 பயணிகளையும் ஏற்றிச் செல்லும் அப்படகு முழுக்க மின்கலத்திலேயே ஓடுகிறது. அது செல்வனின் மாளிகை அன்று, பொதுமக்களின் ஓடம். நோர்வே செல்வம் கொழிக்கும் நாடு என்பீராயின், கேரளத்தைப் பாருங்கள். 1924 இல் பெரியார் சிறை சென்ற வைக்கத்திலிருந்து, 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு தவணக்கடவுக்கு ஓடத் தொடங்கிற்று. 75 பேர் ஏறலாம். நடத்துவது மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை. 2023 ஏப்ரலில் கொச்சியில் நீர் மெட்ரோ தொடங்கிற்று. அதன் படகுகள் மின்கலத்தில் ஓடுபவை. அவசரத்துக்கு டீசல் மின்னாக்கியும் உண்டு. அதாவது, கோடீசுவரனுக்கு விற்கப்படும் அதே ஹைபிரிட்! அங்கே அதில் ஏறுபவர் கூலித் தொழிலாளியும் மாணவியும். இவர்களில் எவரும் செல்வனின் படகு விலை இறங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அரசு முன்வந்தது, படகு வந்தது.

நம் நாட்டில் கைத்திறன் இல்லையா? இதைக் கேளுங்கள்; கேட்டுவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கொழும்பு டொக்யார்ட் என்னும் நம் கப்பல் கட்டும் தளம், நோர்வேயின் மிஸ்யே நிறுவனத்துக்காக மின்கலம் பொருத்திய ஹைபிரிட் சரக்குக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. இலட்சத்தீவு மக்களுக்காகப் பயணிகள் கப்பல்களையும் கட்டிக் கொடுத்திருக்கிறது. இலட்சத்தீவுக்குக் கட்டிய கை நெடுந்தீவுக்குக் கட்டாதது ஏன்? கை இருக்கிறது; கட்டளைதான் இல்லை.

கட்டளை எங்கே போயிற்று? கொழும்பின் கரையில் கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் எழுப்பினார்கள். அத்துறைமுக நகரின் வரைபடத்தில் உல்லாசப் படகுகளுக்கென ஒரு துறையும் உண்டு. 2021 மே மாதத்தில் பாராளுமன்றம் நிறைவேற்றிய துறைமுக நகரச் சட்டம், அங்கே தெரிந்தெடுக்கப்படும் தொழில்களுக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்களிக்க இடம் வைத்தது. சட்டத்தரணி என்ற முறையில் அதை வாசித்தேன். குடிமகன் என்ற முறையில் திகைத்தேன். 40 ஆண்டுகள்! மறுபுறம், 2024 ஜனவரியில் நாட்டு மக்கள் அனைவர்மீதும் பெறுமதிசேர் வரி 15 இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. உல்லாசப் படகுகள் அந்நியச் செலாவணி கொணரும் என்பர். வரட்டும்! நங்கூரமிடக் கட்டணம் கட்டிவிட்டு வரட்டும். 'பசுமை' என்ற சொல்லை வரிவிலக்கின் திறவுகோலாக்க வேண்டாம்.

இந்த இடத்தில் என் போன்ற உத்தியோக வகுப்பினர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஹைபிரிட் கார்களுக்கு ஒரு காலத்தில் தீர்வைச் சலுகை கிடைத்தது. அனுபவித்தவர் யார்? மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி. பேருந்தின் மிதிபலகையில் தொங்கியவனுக்கு என்ன கிடைத்தது? நம் காரின் புகை குறைந்ததில் நமக்கு ஒரு நற்சான்று. அவனுக்குப் பழைய பேருந்தின் கரும்புகை. அதே பிழையைக் கடலிலும் செய்யப் போகிறோமா?

விவசாயிகளுக்கு இச்சொல்லின் இன்னொரு முகம் தெரியும். 2021 மே மாதத்தில், பசுமை வேளாண்மை என்ற பெயரால் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. நெல் வயல் வாடியது, தேயிலை வாடியது, மரக்கறித் தோட்டம் வாடியது. நவம்பரில் தடையை மீளப்பெற்றனர், வாடியது மீளவில்லை. ஏழைக்குப் பசுமை என்றால் தடை. செல்வனுக்குப் பசுமை என்றால் சலுகை! ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகளா?

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கொழும்புத் துறையில் நிற்கும் படகின் மின்கலத்தில் ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு நம் ஆறுகளிலிருந்து. 1985 இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் 201 மெகாவாற்று. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை 150 மெகாவாற்று. கிராமங்கள் நீரில் மூழ்கின, அருவிகள் மெலிந்தன. அந்த மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்ட 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆயிற்று. ஆற்றைக் கொடுத்தவர்களுக்கு, அந்த ஆற்றின் மின்சாரம் யாருக்குப் பயன்படவேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லையா? நாவலப்பிட்டிக்கும் நெடுந்தீவுக்கும் உள்ள உறவு இதுவே. நம் நீர் அவர்கள் படகை ஓட்டுமாயின் நமக்குப் பெருமை. ஒருவனின் மிதக்கும் மாளிகையைக் குளிரூட்டுவதற்கு முன்னுரிமை பெறுமாயின் நமக்கு அவமானம்.

நாம் கேட்பவை நான்கு. எந்த இயந்திரத்தில் ஓடினாலும் உல்லாசப் படகு உல்லாசப் பொருளே. அதற்குரிய வரி முழுமையாக அறவிடப்படட்டும். மீன்பிடிப் படகுக்கும் பொதுப் பயணிகள் படகுக்கும் வேண்டிய மின் மோட்டார், மின்கலம் ஆகியவற்றுக்குத் தீர்வை நீக்கப்பட்டு, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் வழங்கப்படட்டும். இந்நாட்டில் அரசாங்கம் கட்டும் முதல் ஹைபிரிட் பயணிகள் படகு குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடட்டும். அதை நம் தொழிலாளரே கட்டட்டும். துறைமுக நகரில் வரிவிலக்குப் பெற்றோர் யார், பெற்ற தொகை எவ்வளவு என்ற பட்டியல் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்படட்டும்.

நம் பிரதிநிதிகள் வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எழுந்து இந்நான்கையும் கேட்கவேண்டும். மலையகத்தவர் தீவகத்துக்காகவும், தீவகத்தவர் மலையகத்துக்காகவும் எழுந்து கேட்கவேண்டும். ஓசையின்றி ஓடவேண்டியது படகு. மக்களின் குரலுக்கு அந்த விதி பொருந்தாது.