ஒரு சிப்பாயின் விதவை

1916-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், பிரான்ஸ் தேசத்தில் கார்னுவா என்னுமிடத்தில், ஹாரி பார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர்கள் ஜெர்மானியரல்லர், அவனுடைய சொந்தப் படையினரே. அப்போது அவனுக்கு வயது 25. லண்டனில் அவனுடைய மனைவி கெர்ட்ரூடும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருந்தனர்.

கோழைத்தனத்திற்காக அவன் சுடப்பட்டான் என்று யுத்த இலாகா அந்த மாதுக்கு எழுதிற்று. விதவைக்குரிய உபகாரச் சம்பளமும் நிறுத்தப்பட்டது. குடியிருந்த வீட்டை விட்டுக் குழந்தையுடன் வெளியேறி, பிறர் வீட்டில் வேலை செய்து அவள் பிழைத்தாள். வந்த கடிதத்தை ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்தாள். பெற்ற பெண்ணுக்குக் கூட உண்மையைப் பல ஆண்டுகள் வரை அவள் சொல்லவில்லை. கணவனை இழந்தவள் வாய்விட்டு அழுவதற்கும் உரிமையற்றவளானாள்.

உண்மை என்ன? இரண்டு வருஷ காலம் போர் முனையில் நின்றவன் ஹாரி பார். பீரங்கிக் குண்டுகளின் அதிர்ச்சியால் நரம்பு தளர்ந்து, 1915-ல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கை நடுக்கத்தினால் அவனால் எழுத முடியவில்லை. மனைவிக்குத் தாதிதான் கடிதம் எழுதினாள். மறுபடியும் அவனை யுத்த களத்துக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், இனித் தன்னால் தாங்க முடியாது என்று அவன் முன்னே செல்ல மறுத்தான். ராணுவ விசாரணை சுமார் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அவன் பக்கம் வாதாட ஒருவருமில்லை. அவனுடைய நோயை அறிந்த டாக்டர் காயமுற்றுப் போயிருந்தபடியால் சாட்சி சொல்ல வரவில்லை. பிரதம சேனாபதி ஹேக் தண்டனையை உறுதி செய்தார். இவனைவிடச் சிறந்த போர்வீரன் இல்லையென்று, கடைசி நேரத்தில் உடனிருந்த பாதிரியார் அந்த விதவைக்குச் சொல்லியனுப்பினார். கண்ணைக் கட்டவும் அவன் சம்மதிக்கவில்லையாம். இவனா கோழை?

இந்த விசாரணைத் தஸ்தாவேஜுகளைச் சுமார் 75 ஆண்டு காலம் சர்க்கார் பூட்டி வைத்திருந்தது. அவை வெளிவந்த பிறகே குடும்பத்தார் நடந்ததை அறிந்தனர். ஆனால் சரித்திரத்தைத் திருத்தி எழுத முடியாதென்று 1993-ல் பிரதம மந்திரி ஜான் மேஜர் மன்னிப்பை மறுத்துவிட்டார். அதே வருஷம், 99-வது வயதில், கெர்ட்ரூட் காலமானாள். மகள் போராட்டத்தைக் கைவிடவில்லை. ஹைகோர்ட் வரை சென்றாள். முடிவில் 2006-ல் பார்லிமெண்ட் சட்டமியற்றி, ஹாரி பார் உள்ளிட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது.

நாம் இதை வரவேற்கிறோம். ஆயினும், அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பானது தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது. எவ்வித உரிமையும் அதனால் உண்டாகாது என்று அதில் கண்டிருக்கிறது. அதாவது, குற்றவாளி என்ற ஏடு கிழிக்கப்படவில்லை. அதன்மேல் கருணை என்ற முத்திரை மட்டும் குத்தப்பட்டிருக்கிறது. யார் யாரை மன்னிப்பது? நோயாளியைக் கம்பத்தில் கட்டிச் சுட்டவர்களல்லவா மன்னிப்புக் கோர வேண்டியவர்கள்?

இது அன்னிய நாட்டு விவகாரமென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1911-ம் வருஷத்திய இந்திய ராணுவச் சட்டத்தின்படி கொல்லப்பட்டவர்களையும் அந்த 2006-ம் வருஷச் சட்டம் குறிப்பிடுகிறது. அந்த மகா யுத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர்கள் கடல் கடந்து சென்றார்கள். கெர்ட்ரூடுக்காவது எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது; அவளுக்காகப் பேசப் பார்லிமெண்டில் ஆளிருந்தது. நம் கிராமத்துத் தாய்மாருக்கு யார் இருந்தார்கள்?

ஒரு தேசம் தன் மக்களைப் போருக்கு அழைக்கும்போது அவர்களுடைய உயிரைக் கேட்கிறது. அந்த உயிர் எவ்விதம் போயிற்றென்று பெண்டிர் கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டது. அந்தப் பதிலைத் தர 75 ஆண்டு காத்திருக்கச் சொல்லும் சர்க்கார் எதுவாயினும், அன்னியருடையதோ நம்முடையதோ, அதற்கு வீரர்களைப் பற்றிப் பேச அருகதையில்லை.