பயிரிடாத நிலத்துக்கு வாடகை

பயிர் செய்யாதிருக்க அரசு பணம் தருகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பாடத்தைத் தொடங்குவேன். அமெரிக்காவில் 1985 முதல் நடைமுறையில் உள்ள நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் அத்தகையது. அரிப்புக்கு உள்ளாகும் விளைநிலத்தை உழாமல், புல்லோ மரமோ வளர்த்து வைத்திருக்க 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுதோறும் வாடகை தருகிறது.

மண்ணைக் காப்பது மட்டுமே அன்றைய நோக்கமன்று. தானியம் தேங்கி, விலை வீழ்ந்திருந்த காலம் அது. உற்பத்தியைக் குறைப்பதும் உள்நோக்கம். இந்த இரட்டை நோக்கம்தான் பின்னாளில் சிக்கலாயிற்று.

வாஷிங்டன் மாநிலத்தின் டக்ளஸ் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. மழை குறைந்த மேட்டுநிலம். மானாவாரிக் கோதுமைதான் முதன்மைப் பயிர். அங்கே திட்டத்தில் சேர்ந்த நிலங்களில் புல்லும் புதரும் மீண்டன. அம்மாநிலத்தில் அழிவின் விளிம்பில் இருக்கும் சேஜ் க்ரவுஸ் என்னும் தரைவாழ் பறவைக்கு அவை புகலிடமாயின. மக்கள் வரிப்பணத்துக்கு இது கண்கூடான பலன். வீண்செலவு என்று இதை ஒதுக்க நான் உடன்பட மாட்டேன்.

ஆனால், பணம் யார் கைக்குப் போகிறது? நிலத்தின் உரிமையாளருக்கு. அவர் உள்ளூரில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாடகையை வேறு நகரத்தில் இருந்துகொண்டே பெறலாம். உழவு நின்றால் விதை வணிகர், உரக்கடைக்காரர், டிராக்டர் பழுதுபார்ப்பவர், தானியக் கிடங்கின் தொழிலாளி ஆகியோரின் வருமானம் குறைகிறது. அவர்களுக்கு இழப்பீடு இல்லை. குத்தகைதாரரைக் காக்க விதிகள் உண்டு என்றாலும், குத்தகைக் காலம் முடிந்தபின் முடிவெடுப்பவர் உரிமையாளரே. இதை உணர்ந்துதான், ஒரு கவுண்டியின் பயிர்நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகத் திட்டத்தில் சேரக் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியது. ஒரு நபருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. 1985-இல் வைத்த அந்தத் தொகை 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலும் மாறவில்லை!

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2007-இல் இத்திட்டத்தில் 3.68 கோடி ஏக்கர் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் நிறைவேறிய எரிசக்திச் சட்டம் எத்தனால் பயன்பாட்டைப் பெருமளவு உயர்த்தக் கட்டளையிட்டது. சோளமும் கோதுமையும் விலை ஏறின. ஒப்பந்தம் முடிந்த உரிமையாளர்கள் நிலத்தைப் புதுப்பிக்காமல் உழுதனர். 2012-க்குள் பரப்பு 3 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு துறை நிலத்தை ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் தர, மற்றொரு சட்டம் அதே நிலத்தை உழத் தூண்டியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டமோ திட்டத்தின் உச்சப் பரப்பையே 2.4 கோடியாகச் சுருக்கியது, 2018-இல் 2.7 கோடி என்று சற்றே தளர்த்தினார்கள்.

இருபது ஆண்டுகளில் திரண்ட புல்வெளி ஒரே பருவத்தில் உழப்படலாம். அதுவரை கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்க முடியாது. உரிமையாளரைக் குறை கூறுவதில் பொருளில்லை. சந்தை விலை வாடகையைவிட உயரும்போது எவரும் செய்வதை அவரும் செய்கிறார். வாடகைக்கு எடுத்தவர் வீட்டை நிரந்தரமாகத் தமதென்று எண்ணியதுதான் பிழை.

மிகவும் அரிப்புக்கு உள்ளாகும் சரிவுகளிலும் அரிய உயிரினங்களின் வாழிடங்களிலும் உழவு உரிமையை அரசு ஒரே தடவையில் விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. இது புதிதன்று, ஈரநிலங்களுக்கு இத்தகைய நிரந்தர ஏற்பாட்டை 1990-ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்தது. முதலில் செலவு கூடும். வரும் தலைமுறையின் கைகளைக் கட்டிப்போடுகிறது என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. எனவே எல்லா நிலத்துக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை. மீதமுள்ள நிலத்துக்கு வாடகை முறையே தொடரட்டும். அந்த வாடகையில் ஒரு சிறு பகுதி உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் கவுண்டி நிர்வாகத்தின் வழியே போய்ச் சேரட்டும்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).