காலி என்று எழுதியது யார்?

சிவிலைசேஷன் ஆட்டத்தைப் பற்றி எங்கள் நண்பர்களுக்குள் பேச்சு எடுத்தால் அரை மணி நேரத்தில் ஒரு சண்டை உறுதி. சமீபத்தில் நடந்தது இது. ஆறாவது பதிப்பில் முதல் 100 டர்னுக்குள் எத்தனை நகரம் வைக்கலாம் என்று ஒருவன் கேட்டான். “பத்து. கண்ணை மூடிக்கிட்டு பத்து” என்றான் இன்னொருவன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அந்தப் பத்து இடத்துலயும் நீ போறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?” என்று கேட்டுவிட்டேன். “டேய், அது வெறும் கணக்குடா. இலக்கியம் படிச்சுப் படிச்சு நீ கெட்டுப்போயிட்ட” என்றான்.

இந்தக் கட்டுரை அவனுக்குப் பதில். அவனுக்கு மட்டுமில்லை. ஒரு டர்ன்கூட ஆடிப் பார்க்காமல் “அது காலனிய ஆட்டம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற என் இலக்கிய நண்பர்களுக்கும் சேர்த்துத்தான். ஒருவன் உள்ளே இருந்துகொண்டு பார்க்க மறுக்கிறான், மற்றவர்கள் உள்ளே வரவே மறுக்கிறார்கள். அந்த முதல் 100 டர்னில் என்ன நடக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முதலில் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 4000. உங்களிடம் ஒரு செட்லர், ஒரு போர்வீரன். சுற்றிலும் இருட்டு. செட்லரை நிறுத்தித் தலைநகரத்தை வைக்கிறீர்கள். அடுத்த செட்லரை உருவாக்க 80 உற்பத்தி வேண்டும். அதற்கு அடுத்ததற்கு இன்னும் கூட. ஒவ்வொரு செட்லர் கிளம்பும்போதும் நகரத்தின் மக்கள்தொகையில் 1 குறையும். ஆகவே மக்கள்தொகை 2 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் நகரம் வைத்தால் குடியிருப்பு 5, கடற்கரையில் 3, இரண்டும் இல்லையென்றால் 2. இரண்டு நகரங்களுக்கு நடுவில் குறைந்தது 3 கட்டம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி 3 வளையம், அதாவது 36 கட்டம் வரை கை நீட்டலாம்.

இதை வைத்து ஒரு நல்ல ஆட்டக்காரர் என்ன செய்வார்? மொத்த மக்கள்தொகையை சீக்கிரம் 6 ஆக்குவார். அதனால் ‘ஆரம்பப் பேரரசு’ என்ற சிவிக் விரைவாகக் கைக்கு வரும். அது தரும் ‘குடியேற்றம்’ கார்டைச் செருகினால் செட்லர் உற்பத்தி 50% வேகமாகும். அந்த நேரம் பார்த்து நாலைந்து செட்லர்களை வரிசையாக இறக்குவார். அண்டை நாட்டுக்காரன் வரக்கூடிய பக்கம் முதலில், பாதுகாப்பான கொல்லைப்புறம் கடைசியில். நகரத்தின் மக்கள்தொகை 1 ஆக இருக்கும்போதே ஒரு டிஸ்ட்ரிக்ட் கட்டலாம், இரண்டாவதுக்கு 4 வேண்டும், மூன்றாவதுக்கு 7. ஆகவே மூன்று பெரிய நகரங்களை ஊட்டி வளர்ப்பதைவிடப் பத்து சோப்ளாங்கி நகரங்களில் ஆளுக்கொரு கேம்பஸ் கட்டுவது லாபம். இருபதாவது டர்னில் வைத்த நகரம் நாற்பதாவது டர்னில் இன்னொரு செட்லரைத் தரும். அறுபதாவது டர்னில் வைத்தால் அந்தத் தலைமுறை முழுக்கப் போச்சு. கூட்டுவட்டி கணக்கு. இதில் என் நண்பன் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை.

பேராசை என்று இதைத் திட்டுவதும் தப்பு. ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போது மனதில் இருப்பது பயம். கடினமான நிலைகளில் கணினி எதிராளிகள் கூடுதல் செட்லர்களோடு ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் போகாவிட்டால் அவன் போவான். அந்த ஆற்று வளைவை நான் எடுக்காவிட்டால் அடுத்த பத்து டர்னில் அவனுடைய கொடி அங்கே. இந்தப் பயம் போதும், நல்லவனும் ஓட ஆரம்பித்துவிடுவான்.

சரி, கணக்கு சரிதான். ஆனால் கணக்கில் என்னவெல்லாம் எண்ணப்படுகிறது என்பதை யார் முடிவு செய்தது? என் தொழிலில் இதை ஸ்கீமா என்போம். எந்தெந்தத் தகவலுக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்ற ஏற்பாடு. வரைபடத்தின் ஒரு கட்டத்தை நான் ஒரு டேபிளாக எழுதினால் அதில் நிலவகை இருக்கும், காடா சதுப்பா என்று இருக்கும், இரும்பா கோதுமையா என்று இருக்கும், எத்தனை உணவு எத்தனை உற்பத்தி என்று இருக்கும். கடைசியில் ‘உரிமையாளர்’ என்று ஒரு நிரல். அதில் ‘நல்’. நல் என்றால் மதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, தெரியவில்லை, பதியவில்லை, இந்தக் கேள்வியே இங்கே பொருந்தாது என்று பல அர்த்தம் உண்டு என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆட்டத்தில் நாமே அதை மறந்துபோகிறோம். நல் என்றால் ஆளில்லை, ஆளில்லை என்றால் எனக்கு.

உண்மையில் ஆள் இல்லாமலும் இல்லை. பழங்குடிக் கிராமங்கள் இருக்கின்றன. உங்கள் ஆள் உள்ளே காலடி வைத்தால் பொன்னோ, அறிவோ, மக்களோ ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தக் கிராமம் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும். ‘காட்டுமிராண்டி’ முகாம்கள் இருக்கின்றன. கலைத்தால் பொன். அந்த முகாம்களைப் பற்றி ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சூத்திரம் உண்டு: யாருடைய பார்வையும் படாத கட்டத்தில்தான் அவை முளைக்கும். ஆகவே ஆங்காங்கே ஒரு வீரனை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், அங்கே மனிதர்களே உருவாக மாட்டார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். அந்த விதி என்ன சொல்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த விதிகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சிட் மெய்யரின் முதல் சிவிலைசேஷன் 1991-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆளில்லாத மேற்கு, போய் உழுதவனுக்கு நிலம் என்ற கதையில் வளர்ந்த நாடு. 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. ஐந்து வருஷம் அங்கே குடியிருந்து நிலத்தை மேம்படுத்தினால் பட்டா. ‘மேம்பாடு’ என்ற அதே சொல்தான் இன்றும் ஆட்டத்தில் பில்டர் போடுகிற பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் பெயர். முதல் ஆட்டம் வந்து மறுவருஷம், 1992-ல், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆங்கிலேயர் வந்தபோது அந்த மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற கோட்பாட்டை நீதிமன்றம் நிராகரித்தது. டோரஸ் நீரிணையின் மெர் தீவில் தோட்டம் வைத்து வாழ்ந்த மக்களுக்கு நிலத்தின்மேல் உரிமை இருந்தது, இருக்கிறது என்றது. நீதிமன்றம் கைவிட்ட கற்பனையை நாம் கணினியில் கிளிக் செய்துகொண்டிருந்தோம்.

நமக்கும் இது அந்நியமில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் வரி வராத நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். மேய்ச்சல்காலும் ஏரியும் ஓடையும் மயானமும் அதில் அடக்கம். ஊர் மொத்தமும் பயன்படுத்திய நிலம். அந்தச் சொல் நம் வாயில் கடைசியில் என்னவாக ஆனது? வசவு. எந்த நகரமும் வேலைக்கு எடுக்காத கட்டத்தை ஆட்டம் எப்படிப் பார்க்கிறதோ, அப்படியேதான் நம் மொழியும் பார்க்கப் பழகிவிட்டது.

“அதான் விரிவாக்கத்துக்கு ஆட்டத்துலயே தண்டனை வச்சிருக்காங்களே” என்பான் நண்பன். வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக வடிவமைப்பாளர்கள் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது பதிப்பில் ஊழல்: தலைநகரத்திலிருந்து ரொம்ப தூரத்தில் வைத்த நகரம் ஒற்றை உற்பத்தியோடு நொண்டும். நான்காவதில் பராமரிப்புச் செலவு: அவசரப்பட்டு விரித்தால் கஜானா காலி, ஆராய்ச்சி நின்றுவிடும். ஐந்தாவதில் ஒவ்வொரு நகரத்துக்கும் 3 அதிருப்தி, பிறகு வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ விரிவாக்கத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஆராய்ச்சிச் செலவு 5% கூடுதல். அதனால் நாலு நகரத்தோடு நின்றுகொள்வதே புத்திசாலித்தனம் என்றானது. ஆறாவதில் அதைத் தளர்த்தி, செட்லரின் விலையை ஏற்றினார்கள். ஏழாவதில் நேரடியாகவே ஓர் உச்சவரம்பு, தாண்டினால் மகிழ்ச்சி குறையும்.

எல்லாத் தண்டனையும் கவனியுங்கள், யாருக்குப் பாதிப்பு? உங்களுக்கு. உங்கள் கஜானா, உங்கள் மக்கள், உங்கள் ஆராய்ச்சி. விரிவது உங்கள் உடம்புக்கு ஆகாது என்கிற வைத்தியர் அறிவுரை அது. போய் உட்கார்ந்த இடத்துக்கு என்ன ஆனது என்று ஒரு பதிப்பும் கேட்கவில்லை. ஸ்கீமாவில் நிரல் இல்லை, கேட்க முடியாது.

அந்த நிலத்தின் உண்மையான மனிதர்களே வந்து கேட்டபோது என்ன நடந்தது? ஐந்தாவது பதிப்பில் புவெப்லோ மக்களையும், 1680-ல் ஸ்பானியர்களை விரட்டிய அவர்களுடைய தலைவர் போப்பேயையும் சேர்க்கத் திட்டமிட்டார்கள். புவெப்லோக்களின் கூட்டவை ஆட்சேபித்தது, திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை சரி. அந்த இடத்துக்கு ஷொஷோனி மக்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சிறப்பு என்ன தெரியுமா? புது நகரம் வைத்தால் மற்றவர்களைவிடக் கூடுதல் நிலத்தோடு தொடங்கும். 2018-ல் ஆறாவது பதிப்புக்குக் கனடாவின் கிரீ மக்களும் அவர்கள் தலைவர் பவுண்ட்மேக்கரும் வந்தார்கள். பவுண்ட்மேக்கர் கிரீ நேஷனின் பொறுப்பில் இருந்த ஒருவர், பிற மக்களை வென்று அவர்கள் நிலத்தை எடுப்பது எங்களுடைய விழுமியமும்தான் என்பது போல இது காட்டுகிறது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆட்டத்தில் கிரீயின் திறன்களில் ஒன்று: அவர்களுடைய வணிகன் நகரத்தைச் சுற்றியுள்ள 3 கட்டத்துக்குள் நடந்துபோனால், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அவர்களுடையதாகிவிடும். அன்பாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் சேர்க்கும் வாசல் ஒன்றுதான். நிலம் எடுக்கிறவனாக மட்டுமே நீ உள்ளே வரலாம்.

ஏழாவது பதிப்பில் சோழர்கள் வந்தபோது நம் ஆட்கள் குதித்ததை நான் பார்த்தேன். நானும் குதித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அவர்கள் வருவது ‘தேடல் யுக’த்தில். அப்போதுதான் கடலுக்கு அப்பால் ‘தொலைதூர நிலங்கள்’ திறக்கும். நம் கொடி போகிறது என்பதால் அங்கே ஏற்கனவே இருப்பவர்களுக்கு ஏதும் மாறிவிடப்போவதில்லை.

இப்போது ஆடாமலே திட்டுகிறவர்களுக்கு. ஐயா, நீங்கள் இழப்பது ஒரு பெரிய பாடம். நிலம் பறித்தவர்கள் எல்லாரும் மீசை முறுக்கிய வில்லன்கள் என்றுதான் வெளியே நின்று பார்த்தால் தோன்றும். உள்ளே உட்கார்ந்து, அண்டைக்காரன் செட்லர் நகர்வதைப் பார்த்து வயிறு கலங்கி, கணக்குப் போட்டு, மூன்று டர்ன் முந்திக்கொண்டு போய் நகரம் வைத்து, “அப்பாடா” என்று மூச்சு விடும்போதுதான் தெரியும், கெட்ட எண்ணம் ஒரு சொட்டுகூட இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்று. எந்த நாவலும் எனக்கு இதை இவ்வளவு வெட்கமாக உணர்த்தியதில்லை.

அந்த வெட்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிடங்குக்குச் சரக்கு மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தேன். எங்கள் தொழிலில் பழைய கோடு எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்கும் வேலைக்கு ‘கிரீன்ஃபீல்ட்’ என்று பெயர். பச்சை வெளி. எல்லாருக்கும் பிடித்த வேலை. தேவை ஆவணத்தில் ‘தற்போதைய முறை’ என்ற தலைப்புக்குக் கீழே ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. எழுதியது நான்தான். நிறுவி இரண்டு வாரம் கழித்து எந்தச் சரக்கு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள், அங்கே வயதான மேற்பார்வையாளர் ஒருவர் நீளமான கணக்கு நோட்டில் தனக்கென்று ஒரு குறியீடு வைத்து எழுதிவந்தார் என்று. எந்த மூட்டை ஈரம் படக்கூடாது, எந்த லாரிக்காரர் எத்தனை மணிக்கு வருவார், எதை எதன்மேல் அடுக்கக்கூடாது, எல்லாம் அதில் இருந்தது. மென்பொருள் வந்ததும் நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் வேண்டாம் என்றாகிவிட்டது. “தம்பி, நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் போனில். கோபமே இல்லாத குரல்.

எங்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. போட்டி நிறுவனம் முந்திவிடும் என்ற பயம், தேதி நெருக்கடி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“அதுக்காக ஆட்டத்தை ஆடாம இருக்கச் சொல்றியா?” இல்லை. மாற்ற முடியும் என்கிறேன். 2021-ல் ஆறாவது பதிப்புக்கு ஒரு முறை வந்தது. அதில் முகாம்களோடு பேரம் பேசலாம், அவர்கள் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தலாம், அழிக்காமல் விட்டால் முகாம் ஒரு நகர அரசாகவே வளரும். ஏழாவது பதிப்பில் அந்தப் பழைய வசைப்பெயரே போய் ‘சுதந்திர சக்திகள்’ என்றாகிவிட்டது, அவர்களோடு நட்பாகலாம். ஆட்டம் இதனால் சப்பென்று ஆகவில்லை. முதல் 100 டர்னில் யோசிக்க இன்னும் ஒரு விஷயம் கூடியது, அவ்வளவுதான். நிரல் சேர்த்தால் கணக்கும் மாறும்.

இப்போதெல்லாம் நான் ஒரு நல்ல ஆற்று வளைவை வேண்டுமென்றே விட்டுவைத்து ஆடிப் பார்க்கிறேன். ஐம்பது அறுபது டர்னுக்குள் கணினி எதிராளி வந்து அங்கே நகரம் வைத்துவிடுகிறான். அந்த ஆட்டம் பெரும்பாலும் எனக்குத் தோல்வி. நண்பனிடம் சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஆபீஸில் மட்டும் ஒரு பழக்கம் மாறாமல் இருக்கிறது. ‘தற்போதைய முறை’ என்ற தலைப்புக்குக் கீழே ‘இல்லை’ என்று யார் எழுதிக் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போடுவதில்லை. போய்ப் பார்த்துட்டு வாங்க, யாராவது ஒருத்தர் நோட்டு வச்சிருப்பார் என்று திருப்பி அனுப்புகிறேன்.