வெயிலுக்கும் வேலியா?

எல்லைக் கதியால் அரையடி நகர்ந்ததென்று நீதிமன்றப் படியேறித் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சமூகம் எமது சமூகம். இனி அவ்வழக்குகள் கூரைக்கு மேலேயும் எழுமோ என நாம் அஞ்சுகின்றோம்.

வீட்டுக் கூரையில் பிறக்கும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் வழியை 2016 ஆம் ஆண்டில் அரசாங்கம் விரிவாக்கியது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்ட மின்வெட்டும், அதன்பின் ஏறிய கட்டணமும் மக்களை அவ்வழியில் மேலும் செலுத்தின. உத்தியோகத்தர் ஓய்வூதியப் பணத்தையும், கமக்காரர் வெங்காயம் விற்ற பணத்தையும் சூரியத் தகடுகளில் இடுகின்றனர். அப்பணம் நிழலில் கரைந்து போகலாமா?

எத்திசையில் வைப்பது என்றே எல்லோரும் கேட்கின்றனர். யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆகவே தெற்கு நோக்கிய 10 பாகைச் சாய்வு போதும். மழைநீர் தூசியைக் கழுவவும் அது உதவும். தாழ்ந்த சாய்வுள்ள கூரை கிழக்கையோ மேற்கையோ நோக்கினாலும் இழப்புச் சிறிதே.

பெரும் பகை நிழலேயாகும். தகட்டின் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு மூலையில் விழும் நிழலும், தன் பரப்பிலும் பெரிய இழப்பை விளைவிக்கும். டிசெம்பர் 21 அளவில் நண்பகற் சூரியன் தென்வானில் 57 பாகை உயரத்திலேயே நிற்கின்றான். எமது கூரைக்கு மேல் 10 அடி உயர்ந்த தென்புறத்து மாடி, அவ்வேளை வடக்கே ஆறரை அடி நிழல் வீழ்த்தும். காலையிலும் மாலையிலும் நிழல் இதனினும் நீளும்.

ஒரு பரப்பு, இரண்டு பரப்பாகத் துண்டாடப்பட்ட நகரக் காணிகளில், இன்று தாழ்ந்த வீடு நிற்கும் இடத்தில் நாளை மாடி எழும். மாடி கட்டுபவர் குற்றவாளியல்லர். முற்றத்து மாவும் வேலியோரப் பனையும் குற்றவாளிகளல்ல. இருவர் உரிமையும் மோதுமிடத்தில் நெறியொன்று வேண்டும் என்பதே எமது வாதம். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 1978 இலேயே மர நிழல் பற்றிச் சட்டமியற்றிற்று. தகடு அமைக்குமுன் நட்ட மரங்களுக்குப் பின்னர் அது விலக்கும் அளித்தது. முன்னிருந்ததை மதிக்கும் அந்த நியாயம் எமக்கும் பொருந்தும்.

கட்டிட வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவன எமது உள்ளூராட்சி மன்றங்களே. கொழும்பு வழிகாட்டும்வரை அவை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய மாடிக்கு விண்ணப்பம் வரும்போது, வடக்கேயுள்ள கூரையில் தகடு உண்டா எனப் பார்த்து, அவ்வீட்டாரையும் அழைத்துப் பேசட்டும். தகடு வாங்குவோரும் காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணிவரை விழும் நிழலைக் கணித்துக் காட்டுமாறு விற்பவரிடம் கேட்டபின்பே பணம் கொடுக்கட்டும். தண்ணீர்த் தாங்கியைத் தகட்டுக்கு வடக்கே வைக்கட்டும். அயலவருடன் முன்கூட்டியே பேசி, இணக்கத்தை எழுத்தில் வைத்துக் கொள்ளட்டும்.

காணிக்கு வேலியடைத்தோம், வெயிலுக்கு வேலியடைக்க வேண்டாம்.